விண்வெளி நிலையம் பார்க்க ஒரு செயலி: மூன்று வருஷ அனுபவம்

டோம்பிவிலியில் இருக்கும் நண்பர் முந்தாநாள் கேட்டார். "அண்ணே, நீங்க வச்சிருக்கீங்களே ஸ்பேஸ் ஸ்டேஷன் ஆப், அதோட வருஷ சந்தாவை 899-லேர்ந்து 449 ஆக்கிட்டாங்க. போட்டுடலாமா?" வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பிவிட்டேன். அனுப்பியதிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்று வருஷமாக நான் காசு கட்டிப் பயன்படுத்தும் செயலி அது. வேறு எதற்குக் கொடுத்த 899 ரூபாயும் எனக்கும் என் மகளுக்கும் இவ்வளவு சந்தோஷத்தைத் தந்ததில்லை. அப்படியிருந்தும் வேண்டாம் என்றேன். காரணம் போன வாரம் நடந்த ஒரு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் நியாயமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

செயலி என்ன செய்யும் என்பது தெரிந்ததுதான். சர்வதேச விண்வெளி நிலையம் நம் ஊருக்கு மேலே எத்தனை மணிக்கு வரும், எந்தத் திசையில் கிளம்பி எங்கே மறையும், எவ்வளவு உயரம், எவ்வளவு பிரகாசம் எல்லாம் சொல்லும். முன்கூட்டியே அலெர்ட் அடிக்கும். நேரமும் திசையும் மட்டும் போதும் என்றால் நாசாவின் ஸ்பாட் தி ஸ்டேஷனும், ஹெவன்ஸ் அபவ் தளமும் இருக்கின்றன. காசு கட்ட வேண்டாம். நான் காசு கட்டியது அலெர்ட்டுக்காக. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது மும்பை செம்பூரில், ஏழு மாடிக் கட்டடம். மொட்டை மாடி எப்போதும் பூட்டித்தான் இருக்கும், சாவி வாட்ச்மேனிடம். அவர் சாபி என்பார், நான் சாவி என்பேன். இரண்டும் போர்ச்சுகீசியர்களிடமிருந்து வந்த ஒரே சொல்தான் என்று அவரிடம் ஒருநாள் சொன்னேன். அதற்குப் பிறகு ராத்திரியோ விடியற்காலையோ முகம் சுளிக்காமல் எடுத்துத் தருகிறார். நிலையத்தைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் ஒரு பழைய டைரியில் தேதியும் நேரமும் குறித்து வைக்கிறேன். இதுவரை 61.

புதிதாகப் போடுகிறவர்கள் முதலில் செய்யவேண்டியது, குறைந்தபட்ச உயரத்தை மாற்றுவது. அது 10 டிகிரியில் இருக்கும். ஜுஹு கடற்கரையில் நின்று பார்ப்பவருக்கு 10 டிகிரி சரி. செம்பூரில் 10 டிகிரியில் இருப்பது பக்கத்து டவரின் பால்கனி. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து முஷ்டி முஷ்டியாக மேலே அடுக்கிக்கொண்டே போங்கள், உங்கள் மாடியில் வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு நான்காவது முஷ்டியில்தான் தொடங்குகிறது. இது தெரியாமல் முதல் மாதம் 12 டிகிரி, 14 டிகிரி என்று வந்ததற்கெல்லாம் மேலே ஓடி, வெறும் கட்டடங்களைப் பார்த்துவிட்டு இறங்கினேன். போனைத் தூக்கிப் பிடித்தால் திசை காட்டும் அம்புக்குறியையும் நம்ப வேண்டாம். தொட்டி, கம்பி, குழாய் என்று மாடியில் இருக்கும் இரும்பெல்லாம் சேர்ந்து அதைத் தடுமாற வைத்துவிடும். டிராம்பே மலை இருக்கிற பக்கம் தென்கிழக்கு. அது ஒன்று எனக்குப் போதும்.

விமானத்தோடு குழப்பிக்கொள்ளவும் வாய்ப்பில்லை. காட்கோபர் பக்கம் வரிசையாக இறங்கும் விமானங்கள் எல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகக் கண்சிமிட்டும். நிலையம் சிமிட்டாது. சத்தமும் கிடையாது. தலைக்கு நேர் மேலே வரும் நாளில் வெள்ளிக் கிரகத்தைப் போல அவ்வளவு வெளிச்சமாக, மேற்கிலிருந்து கிழக்கே ஒரே சீராக நகர்ந்து போகும். மும்பை வானத்தில் நட்சத்திரத்தை எண்ணிவிடலாம், அவ்வளவு விளக்கு. அந்த வெளிச்சத்தையும் மீறி இது தெரிகிறது.

இனி நான் எதிர்பார்க்காத சந்தோஷம். நிலையம் வருவதைப் பார்க்கத்தான் செயலியைப் போட்டேன். ஆனால் அது மறையும் நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் என்று நினைக்கவே இல்லை. நிலையத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நாம் பார்ப்பது அதன் மேல் பட்டுத் திரும்பும் சூரிய வெளிச்சம். நம் மாடியில் இருட்டிய பிறகும் 400 கிலோமீட்டருக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. போகப் போக அது பூமியின் நிழலுக்குள் நுழையும். அப்போது மேகம் இல்லாமல், கட்டடம் இல்லாமல், நட்ட நடு வானத்தில் அணைந்துவிடும். அந்த நேரத்தைச் செயலி நொடிக் கணக்கில் போட்டிருக்கும். என் மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு பத்திலிருந்து பின்னால் எண்ணுவாள். நான்கு வரும்போது நிறம் கொஞ்சம் சிவக்கும். இரண்டில் மங்கும். பூஜ்யம் சொல்லும்போது அங்கே ஒன்றும் இருக்காது. அதே நொடியில் அங்கே இருப்பவர்களுக்குச் சூரியன் அஸ்தமிக்கிறது. பூமியை ஒரு தடவை சுற்ற அவர்களுக்குச் சுமார் 93 நிமிடம் ஆகிறது, ஒரு நாளைக்கு 16 அஸ்தமனம். அதில் ஒன்றை நாங்கள் செம்பூரிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குச் சொன்னபோது அவளுக்குப் பேச்சே வரவில்லை. எனக்கும் 61 தடவையும் அப்படித்தான் இருந்தது.

அந்த எண்ணிக்கை ஒரே ஒரு நாள் தவறியது. சொன்ன நேரம் தாண்டி ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியும் வானத்தில் எதுவும் இல்லை. சரி, போகலாம் என்று திரும்பியபோது மகள் கத்தினாள், வந்துகொண்டிருந்தது. காரணத்தைப் பிறகு தேடிப் படித்தேன். அவ்வளவு உயரத்திலும் காற்று கொஞ்சம் இருக்கிறது, அது உரசி உரசி நிலையம் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் அவ்வப்போது இன்ஜினை இயக்கி மேலே தூக்குகிறார்கள். பாதை உயர்ந்தால் ஒரு சுற்றுக்கு நேரம் கொஞ்சம் கூடும், நிலையம் தாமதமாக வரும். என் போனில் இருந்தது தூக்குவதற்கு முந்தைய கணக்கு. செயலியைத் திறந்தால்தான் புதுக் கணக்கை இறக்கிக்கொள்கிறது. இப்போது மாடிக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

மழைக்காலத்தை இதன் கணக்கில் எழுத முடியாது. 2025 ஜூன் 26-ல் சுபான்ஷு சுக்லா நிலையத்துக்குள் போனார், சர்வதேச விண்வெளி நிலையத்தில் கால் வைத்த முதல் இந்தியர். 1984-ல் ராகேஷ் சர்மா போனது சோவியத்தின் சல்யூட் 7-க்கு. சுக்லா ஜூலை 14-ல் அங்கிருந்து கிளம்பும் வரை நாங்கள் குடையோடு மாடிக்குப் போனோம். ஒரு தடவைகூட வானம் விடவில்லை. மேகத்துக்குப் பின்னால் இந்நேரம் போய்க்கொண்டிருப்பார் என்று அந்தத் திசையைப் பார்த்து நின்றுவிட்டு இறங்கினோம். அவர் அங்கே இருக்கும்போது ஒரு தடவை பார்க்க முடியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி அலெர்ட். 20 நிமிடம் முன்னால் அடிக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். 20 நிமிடத்தில் அடித்தது எனக்கு ஞாபகம் இருக்கும்படி மிகச் சில தடவைதான். 12 நிமிடத்தில் வரும், 5 நிமிடத்தில் வரும். நிலையம் போய் முடிந்த பிறகு "இப்போது உங்கள் தலைக்கு மேல்" என்று இரண்டு தடவை வந்திருக்கிறது. அவர்களுக்கு மூன்று தடவை எழுதினேன். பேட்டரி சேமிப்பிலிருந்து எங்கள் செயலிக்கு விலக்குக் கொடுங்கள் என்று மூன்று தடவையும் ஒரே பதில். முதல் நாளே கொடுத்துவிட்டேன். நடுவில் போனையே மாற்றிவிட்டேன், புதுப் போனிலும் கொடுத்துவிட்டேன். திறக்காமல் கிடக்கும் செயலிகளைப் போன் தானாகத் தூங்க வைத்துவிடுகிறது, அதனால் தாமதம் ஆகலாம் என்பது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே போனில் காலை அலாரம் ஒரு நொடி பிசகாமல் அடிக்கிறதே? வேறொரு கிரகத்துக்குப் போகிற கணக்கா இது? மணி இத்தனைக்கு ஒரு சத்தம் போட வேண்டும், அவ்வளவுதான். நிழலுக்குள் நுழையும் நொடியைக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது முடியாதா என்பதுதான் என் கோபம்.

போன வாரம் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார். வயசு 76. பேத்தி போனில் சொல்லிச் சொல்லி, அவருக்கும் அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எங்கள் லிஃப்ட் ஏழாவது மாடியோடு நின்றுவிடும். அங்கிருந்து மொட்டை மாடிக்கு 22 படி. முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏற அவருக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். அதனால்தான் 20 நிமிடம். அன்று வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. 7:11-க்கு வடமேற்கில் ஏறி, 82 டிகிரி உயரம் போய், தென்கிழக்கில் மறைகிறது. இதைவிட நல்ல வருகை வருஷத்துக்கு நாலைந்துதான் கிடைக்கும். நான் ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அலெர்ட் அடிக்கட்டும், கிளம்பலாம் என்று உட்கார்ந்து அப்பாவோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அடித்தபோது மணி 7:09.

ஓடினோம். மகள் முன்னால் ஓடினாள், நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பாதிப் படியில் இருக்கும்போது மேலே மகள் எண்ணத் தொடங்கிவிட்டாள். அப்பா நின்றுவிட்டார். அவள் பூஜ்யம் சொன்னது படிக்கட்டில் கேட்டது. மேலே போய்ச் சேர்ந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, "போயிட்டோ?" என்றார். போயிட்டுப்பா என்றேன். சரி, அதனால என்ன என்றார். எனக்குத்தான் தாங்கவில்லை. மறுநாள் முக்கால் மணி நேரம் முன்னால், வெளிச்சம் முழுக்கப் போகாத வானத்தில், 30 டிகிரிக்கும் கீழே வந்தது. கட்டடங்களுக்குப் பின்னாலேயே போய்விட்டது.

இப்படி நாலைந்து நாள் விடாமல் வந்துவிட்டுப் பிறகு வாரக்கணக்கில் காணாமல் போவது இதன் வழக்கம். 1998-ல் முதல் பகுதியை ஏவினார்கள், 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. 2030 வரை இயக்கிவிட்டு அதன்பின் பசிபிக் கடலில் இறக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அப்பா இனி எத்தனை தடவை மும்பைக்கு வருவார்?

அதனால் நண்பருக்குச் சொன்ன பதிலை மாற்றவில்லை. நேரம் துல்லியம், மறையும் நொடி துல்லியம், சீனாவின் தியாங்கோங் நிலையம் வரும் நேரத்தையும் சொல்கிறது, விளம்பரம் கிடையாது. இவ்வளவையும் ஏற்றுக்கொண்டுதான் சொல்கிறேன், 449 ரூபாய்க்கும் வேண்டாம். எதற்காகக் காசு கேட்கிறார்களோ அதை மட்டும் செய்யத் தெரியவில்லை. என் சந்தா இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, அதுவரை வைத்திருப்பேன்.

வியாழக்கிழமை விடியற்காலை 5:52-க்கு இன்னொன்று இருக்கிறது, 71 டிகிரி, தென்மேற்கிலிருந்து வடகிழக்கு. காலை வருகை என்பதால் இது நேர்மாறு. நிழலுக்குள்ளிருந்து வெளியே வரும், வெறும் வானத்தில் திடீரென்று பற்றிக்கொள்ளும். அப்பாவுக்கு அதற்கடுத்த நாள்தான் ரயில். ஐந்து மணிக்குப் போனில் சாதாரண அலாரம் வைத்துவிட்டேன். வாட்ச்மேனிடம் சாவியை இன்றைக்கே வாங்கிவிட்டேன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி மேலே போட்டாயிற்று, ஒன்று மாடியில், இன்னொன்று அப்பா நடுவில் உட்கார்ந்துகொள்ள படிக்கட்டுத் திருப்பத்தில்.