ஆர்எச்சிஎஸ்ஏ பயிற்சி: சர்வர் நிர்வாகிக்கும் டெவலப்பருக்கும் என்ன கிடைக்கும்?

சர்வர் நிர்வாகத்தைத் தொழிலாகக் கற்க நினைப்பவர்களுக்கு, ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழான ஆர்எச்சிஎஸ்ஏவுக்கான பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். முக்கியக் காரணம் அதன் தேர்வு. எல்பிஐசி-1 போன்ற சான்றிதழ்களில் கொள்குறி வினாக்களும் கோடிட்ட இடங்களும்தான் இருக்கும். இங்கே இஎக்ஸ்200 என்ற தேர்வில் 3 மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் முன் உட்கார வைத்து வேலை கொடுத்துவிடுகிறார்கள். மொத்தம் 300 மதிப்பெண், 210 எடுத்தால் தேர்ச்சி. எந்த வழியில் செய்தீர்கள் என்பதற்கு மதிப்பெண் இல்லை. கடைசியில் மெஷின் எந்த நிலையில் நிற்கிறது என்பதைத்தான் திருத்துகிறார்கள். செய்த மாற்றம் ரீபூட் ஆன பிறகும் அப்படியே இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வேலை செய்யாததற்குச் சமம். இணையம் கிடையாது. மெஷினிலேயே இருக்கும் மேன் பக்கங்கள் எனும் கட்டளை விளக்கக் கையேடுதான் துணை.

வகுப்புகள் இரண்டு. ஆர்எச்124 அடிப்படை: ஃபைல் அனுமதிகள், பயனர் கணக்கு, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி), நெட்வொர்க், பேக்கேஜ். ஆர்எச்134-இல் எல்விஎம் (டிஸ்க் இடத்தை நெகிழ்வாகப் பிரிக்கும் முறை), எஸ்இலினக்ஸ் (ஒவ்வொரு ஃபைலுக்கும் நிரலுக்கும் லேபல் ஒட்டி, எது எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு), ஃபயர்வால், பூட் சிக்கல்கள், பதிப்பு 9-இல் கன்டெய்னர் (நிரலைத் தனிப் பொதியாக ஓட்டும் முறை) என்று கனமான பகுதிகள் வரும். ஏற்கெனவே லினக்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டையும் சேர்த்துச் சுருக்கிய ஆர்எச்199 போதும். புதியவர்கள் அதில் சேர்ந்தால் மூச்சு முட்டும்.

வகுப்பின் பெரிய பலம் அதன் லேப். சர்வர்ஏ, சர்வர்பி என்ற மெஷின்கள் தயாராக இருக்கும். ‘லேப் ஸ்டார்ட்’ கொடுத்தால் பயிற்சிக்கான சூழலை அமைத்துத் தரும். முடித்ததும் ‘லேப் கிரேட்’ கொடுத்தால் ஒவ்வொரு வேலையும் பாஸா ஃபெயிலா என்று வரிவரியாகச் சொல்லிவிடும். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. வழிகாட்டிப் பயிற்சிகளில் அடிக்க வேண்டிய கட்டளை முழுவதும் அச்சாகி இருப்பதால், பார்த்து அடித்துவிட்டுப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அத்தியாய முடிவில் வரும் லேபில் வேலை மட்டும்தான் சொல்லப்படும். அதையும் ஆர்எச்134-இன் கடைசியில் உள்ள மொத்தத் தொகுப்பையும் விடையைத் திறக்காமல் செய்து முடிக்கும்வரை தேர்வுக்குப் பதிவு செய்யாதீர்கள்.

எங்கே சறுக்குகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரூட் (முழு அதிகாரம் கொண்ட பயனர்) பாஸ்வேர்டு மறந்துபோன மெஷினை மீட்பதை எடுத்துக்கொள்வோம். ரெட் ஹேட் லினக்ஸ் பதிப்பு 9-இல் வழி இது: பூட் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் இனிட்=/பின்/பாஷ் என்று சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் கொடுத்து பூட் செய்ய வேண்டும். ரூட் ஃபைல்சிஸ்டம் படிக்க மட்டும் என்ற நிலையில் வரும். அதை எழுதும் நிலைக்கு ரீமவுண்ட் செய்து பாஸ்வேர்டை மாற்றலாம். பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ரீபூட் ஆனதும் சரியான பாஸ்வேர்டையே அடித்தாலும் உள்ளே விடாது. அந்தத் தற்காலிக ஷெல்லில் எஸ்இலினக்ஸ் கொள்கை இன்னும் ஏறியிருக்காது. அதனால் பாஸ்வேர்டு மாறும்போது புதிதாக எழுதப்படும், பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் ஷேடோ ஃபைலுக்குச் சரியான லேபல் கிடைப்பதில்லை, லாகின் நிரலால் அதைப் படிக்க முடிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலிருக்கும் ‘/’ டைரக்டரியில் .ஆட்டோரீலேபல் என்ற காலி ஃபைலை உருவாக்கிவிட்டு ரீபூட் செய்தால் எல்லா ஃபைலுக்கும் லேபல் மறுபடி எழுதப்படும். இதற்குச் சில நிமிடம் பிடிக்கும். மெஷின் தொங்கிவிட்டது என்று பயந்து நடுவில் அணைத்துவிடக் கூடாது.

அடுத்தது எஃப்எஸ்டேப், அதாவது பூட்டின்போது எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்ற பட்டியல். டிஸ்க்கின் அடையாள எண்ணான யுயுஐடியில் ஓர் எழுத்து பிசகினாலும் மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும், அதுவரை செய்த மற்ற வேலைகளும் அதோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளும். யுயுஐடியைக் கையால் அடிக்காமல் பிஎல்கேஐடி கட்டளையின் வெளியீட்டிலிருந்து நேராக ஃபைலுக்குள் அனுப்புங்கள். சேமித்ததும் ஃபைண்ட்எம்என்டி கட்டளையை ‘வெரிஃபை’ ஆப்ஷனோடு ஓட்டி, பிறகு ‘மவுண்ட் -ஏ’ கொடுங்கள். இரண்டும் பிழை எதுவும் காட்டாமல் முடிந்தால்தான் ரீபூட்.

எல்விஎம்மில் வரும் தவறு வேறு மாதிரி. லாஜிக்கல் வால்யூமைப் (எல்விஎம் பிரித்துத் தரும் டிஸ்க் பகுதி) பெரிதாக்கிவிட்டு, இட அளவைக் காட்டும் டிஎஃப் கட்டளை பழைய அளவையே காட்டுகிறது என்று குழம்புவார்கள். வால்யூம் வளர்ந்திருக்கும், அதன் மேலிருக்கும் ஃபைல்சிஸ்டம் வளர்ந்திருக்காது. எல்விஎக்ஸ்டென்ட் கட்டளையோடு ‘-ஆர்’ சேர்த்தால் இரண்டும் ஒரே அடியில் முடியும். எக்ஸ்எஃப்எஸ் வகை ஃபைல்சிஸ்டத்தைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. எனவே அளவைத் தவறாகக் கூட்டிக் கொடுத்துவிட்டால் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. ஃபயர்வாலில் மாற்றத்தை நிலையாக்கும் ‘பெர்மனென்ட்’ ஆப்ஷன் விட்டுப்போவதும், அதைப் போட்டுவிட்டு ரீலோடு செய்ய மறப்பதும் எல்லா வகுப்பிலும் நடப்பவை.

பாட்மேன் என்ற கருவியால் கன்டெய்னரை ரூட் இல்லாத பயனராக ஓட்டும் பகுதியில் இரண்டு பொறிகள் உண்டு. ‘எஸ்யூ’ மூலம் அந்தப் பயனராக மாறினால் சேவைகளை இயக்கும் சிஸ்டம்கன்ட்ரோலின் யூசர் கட்டளைகள் இணைப்பு இல்லை என்று பிழை தரும். எஸ்எஸ்எச் வழியாக நேராக லாகின் செய்யுங்கள். அடுத்து, லாகின்கன்ட்ரோல் கட்டளையில் ‘எனேபிள் லிங்கர்’ கொடுக்காவிட்டால் பயனர் வெளியேறியதும் கன்டெய்னரும் நின்றுவிடும், பூட்டின்போதும் தானாக எழாது.

டெவலப்பருக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு நல்ல பதில் எஸ்இலினக்ஸ் பாடம். நிரல் சொந்தக் கணினியில் ஓடுகிறது, சர்வரில் 403 (அனுமதி மறுப்பு) வருகிறது. ஃபைல் அனுமதியை 777, அதாவது எல்லோருக்கும் திறந்ததாக ஆக்கியும் மாறவில்லை. கடைசியில் ‘எஸ்இலினக்ஸை அணைத்துவிடு’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். ஹோம் டைரக்டரியிலிருந்து வெப் டைரக்டரிக்கு ஃபைலை ‘எம்வி’ கொண்டு நகர்த்தினால் பழைய லேபலும் கூடவே வரும், வெப்சர்வர் அதைத் தொட முடியாது. ‘சிபி’ கொண்டு நகலெடுத்தால் புதிய ஃபைல் உருவாகி, சேரும் இடத்தின் லேபலை எடுத்துக்கொள்ளும். நகர்த்தியாயிற்று என்றால் லேபலைச் சரிசெய்யும் ரீஸ்டோர்கான் கட்டளை ஒரு வரி போதும். இதேபோல என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வருக்குப் பின்னால் உங்கள் ஆப் ஒழுங்காக ஓடியும் 502 பிழை வந்தால், பிழைப் பதிவில் ‘பெர்மிஷன் டினைட்’ இருக்கிறதா பாருங்கள். வெப்சர்வர் வெளியே இணைப்பு ஏற்படுத்த அனுமதிக்கும் பூலியன் (எஸ்இலினக்ஸின் ஆன்/ஆஃப் அமைப்பு) அணைந்திருக்கும். அதை ‘-பி’ (-P) போட்டு இயக்குங்கள், அந்த ஓர் எழுத்து இல்லாவிட்டால் ரீபூட்டில் பழையபடி ஆகிவிடும். வெப்சர்வரை 82 போன்ற வழக்கமில்லாத போர்ட்டில் வைத்தால் செமேனேஜ் கட்டளை மூலம் அந்த போர்ட்டை எஸ்இலினக்ஸில் பதிய வேண்டும். கட்டளை நினைவில்லை என்றால் செமேனேஜ்-போர்ட் மேன் பக்கத்தின் அடியில் உதாரணம் அப்படியே இருக்கிறது. மேன் பக்கத்தைக் கீழிருந்து படிக்கும் இந்தப் பழக்கத்தைத் தேர்வுக்கு முன்பே கையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. கிட் (நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவி), தானியங்கி டெப்ளாய்மென்ட், டேட்டாபேஸ், டிஎல்எஸ் சான்றிதழ், பேக்அப் திட்டம், கண்காணிப்பு ஆகியவற்றை இது கற்றுத்தராது. பல சர்வர்களைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் கருவியை முழுமையாகக் கற்க அடுத்த நிலையான ஆர்எச்சிஇக்குப் போக வேண்டும். உபுண்டு சர்வர்களில் வேலை செய்பவர்களுக்குப் பேக்கேஜுக்கு ஏபிடி, நெட்வொர்க்குக்கு நெட்பிளான், எஸ்இலினக்ஸுக்குப் பதில் ஆப்ஆர்மர் என்று கருவிகள் மாறும், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் எல்விஎம்மும் அப்படியே உதவும். சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். முடிவு வரும்போது பகுதிவாரியான விழுக்காடு மட்டும் கிடைக்கும், எந்த வேலையில் தவறினோம் என்பது தெரியாது. தோற்றவர்களுக்கு அது நியாயமாகப் படவில்லை என்றால் ஆச்சரியமில்லை.

கட்டண வகுப்பு கட்டாயமா என்றால் இல்லை. வகுப்பில் சேராமலே தேர்வு எழுதலாம். ரெட் ஹேட்டின் தனிநபர் டெவலப்பர் சந்தாவில் 16 சிஸ்டம்வரை இலவசம். ரெட் ஹேட் லினக்ஸோடு ஒத்துப்போகும் இலவச ராக்கி லினக்ஸ் அல்லது அல்மாலினக்ஸும் போதும். தலா 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க் கொண்ட இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை அமைத்து, ஒன்றில் 10 ஜிபி காலி டிஸ்க் ஒன்றைக் கூடுதலாகச் சேருங்கள். சுத்தமான நிலையில் ஸ்னாப்ஷாட் (திரும்பிவரக்கூடிய நகல்) எடுத்துவிட்டு, இணையத்தைத் துண்டித்து, 3 மணி நேரம் வைத்துச் செய்து பாருங்கள். கடைசி 20 நிமிடம் ரீபூட்டுக்கும் சரிபார்ப்புக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும். எந்தப் பதிப்புக்கான தேர்வுக்குப் பதிவு செய்கிறீர்களோ அதே பதிப்பில் பழகுங்கள். பதிப்பு 7-இன் தேர்வில் இல்லாத கன்டெய்னர் பகுதி 8-க்கான பட்டியலில் பின்னர் வந்து சேர்ந்தது, அதனால் பழைய குறிப்புகளை நம்பாமல் தேர்வுப் பக்கத்தில் உள்ள குறிக்கோள் பட்டியலை வரிவரியாக ஒப்பிட்டுவிட்டுத் தேதியைக் குறியுங்கள்.