நாய்க்குக் காய்ந்த காது, குழல், குளம்பு: எதைக் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

பெட் ஷாப்பில் மாட்டுத்தோலில் முடிந்த வெள்ளை முடிச்செலும்பும் (ராஹைடு) பழுப்பு நிறப் புல்லி ஸ்டிக்கும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. இரண்டின் உறையிலும் ‘இயற்கை’ என்றே போட்டிருக்கும். அந்தச் சொல் எதையும் சொல்லிவிடாது. நாயின் பல் அதைத் தாங்குமா, விழுங்கினால் கரையுமா, மிச்சம் வரும் துண்டு தொண்டையில் சிக்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ராஹைடா, புல்லி ஸ்டிக்கா

மாட்டுத்தோலைப் பிளந்து, மேலடுக்கைச் செருப்புக்கும் பைக்கும் எடுத்த பிறகு மிஞ்சும் உள்ளடுக்குதான் ராஹைடு. மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும், வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடும் போடுவது தோல் தொழிலின் வழக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், எச்சில் பட்டால் அது ஆகும் விதம். முடிச்சு தளர்ந்து வழவழப்பான பட்டையாக விரியும். நாய் அதைக் கடித்துத் துண்டாக்காது, இழுத்து இழுத்து அப்படியே விழுங்கப் பார்க்கும். பெரிய துண்டாக உள்ளே போனால் கரைய நெடுநேரம் பிடிக்கும். ஊறிப் பருத்து, தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

புல்லி ஸ்டிக் என்பது காளை அல்லது எருமைக் கடாவின் ஆண்குறியைக் காயவைத்தது. அது நார் நாராகத் தேயும், வயிற்றிலும் நன்றாகவே கரையும். விலை கூடுதல் என்றாலும் இவ்விரண்டில் இதற்கே எங்கள் ஓட்டு.

ஆனால் அதையும் கணக்கில்லாமல் கொடுக்க முடியாது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் 26 புல்லி ஸ்டிக்குகளை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டன. ஓர் அங்குலத்துக்கு 9 முதல் 22 கிலோகலோரி இருந்தது. கிருமியும் இருந்தது: ஏழு குச்சிகளில் குடலில் வாழும் ஈ.கோலை, ஒன்றில் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ, இன்னொன்றில் வயிற்றுப்போக்கைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில். கலோரிக் கணக்குப்படி 6 அங்குலக் குச்சி ஒன்று 54 முதல் 132 கிலோகலோரி வரை வரும். 25 கிலோ ராஜபாளையத்துக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,250 கிலோகலோரி தேவை. தீனி வகைகள் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றால் 125 வரை போகலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். அதே குச்சி 6 கிலோ ஸ்பிட்ஸுக்குப் போனால் கதை வேறு. அதன் நாள் தேவையே 430 அளவுதான், தீனிக்கு 43. பாதிக் குச்சி கொடுத்தாலே சில நாள் மீறிவிடும். கொடுத்த அன்று சோற்றைக் குறைக்காமல் விட்டால் இரண்டே மாதத்தில் இடுப்புப் பருத்துவிடும்.

மூச்சடைப்பது பெரும்பாலும் கடைசித் துண்டில்தான். குச்சி நாயின் வாய் அகலத்துக்குக் குறைந்ததும், நடுத்தர நாய் என்றால் 2 அங்குலம் மிச்சமிருக்கும்போதே, எடுத்துவிடுங்கள். வாயிலிருந்து பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் அவசரமாக விழுங்கும், அல்லது உறுமும். அவித்த கோழித் துண்டு ஒன்றை மூக்கருகே நீட்டினால் அதுவே குச்சியைப் போட்டுவிடும்.

காதா, மூச்சுக்குழலா

பன்றிக்காது நாய்க்கு உயிர். கொழுப்பு அதிகம் என்பதால் கணையச் சிக்கல் வந்த நாய்க்கு ஆகவே ஆகாது. கிருமி விஷயத்திலும் அதன் வரலாறு மோசம். 2019-இல் அமெரிக்காவில் பன்றிக்காது வழியாகப் பரவிய சால்மோனெல்லா என்னும் வயிற்றுக் கிருமி 34 மாநிலங்களில் 154 பேரைப் படுக்கவைத்தது. நோயுற்றவர்கள் நாய்கள் அல்ல, மனிதர்கள். காயவைத்தால் கிருமி செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. ஈரம் குறைந்தால் சால்மோனெல்லா பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆட்டுக்காது, மாட்டுக்காது கொழுப்பில் தேவலை, கிருமியில் அதே எச்சரிக்கைதான். தொட்ட கையை சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். மென்று முடித்த நாய் முகத்தை நக்க விடாதீர்கள்.

மூச்சுக்குழல் மொறுமொறுப்பாக உடையும், பல்லுக்கு நோகாது, குருத்தெலும்பு என்பதால் நன்றாகக் கரையும். மூட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் காண்ட்ராய்டின் அதில் இருப்பது உண்மைதான், அதற்காக மூட்டு மருந்து என்று நினைத்து வாங்க வேண்டாம். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தைராய்டு சுரப்பி குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழலின் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டும்போது அதையும் சேர்த்துவிட்டால், தினமும் தின்னும் நாய்க்கு ஹார்மோன் ஏறும். ஓயாத தாகம், மூச்சிரைப்பு, அமைதியின்மை, நன்றாகத் தின்றும் எடை குறைவு ஆகியவை அதன் அறிகுறிகள். 2017-இல் அமெரிக்காவில் சில நாயுணவுகள் இந்தக் காரணத்துக்காகவே திரும்பப் பெறப்பட்டன. குழலின் வெளிப்புறத்தில் கருஞ்சிவப்பாகச் சதை ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். காய்ந்த உணவுக்குழாய்க்கும் இதுவே. வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். நீளவாக்கில் பிளந்தது கிடைத்தால் முழுக்குழலைவிட அது நல்லது.

கொம்பு, குளம்பு, சுர்பி

கொம்பும் குளம்பும் வேண்டாம். நாய் எதையும் கடைவாயில் வைத்துத்தான் கடிக்கும். மேல் தாடையின் நான்காவது முன்கடைவாய்ப்பல் பலகை பலகையாகப் பெயர்வது பெரும்பாலும் இவைபோன்ற கெட்டிப் பொருள்களால்தான். பல்லின் உள்நரம்பு வெளியே தெரிந்துவிட்டால், மயக்கம் கொடுத்துப் பிடுங்க வேண்டும் அல்லது வேர் சிகிச்சை செய்ய வேண்டும். நாய் வலியைக் காட்டாது. ஒரு பக்கமாக மெல்லும், அவ்வளவுதான். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாதது பல்லுக்கு ஆகாது. போதாக்குறைக்கு, புள்ளிமான், கடமான் கொம்பை வாங்குவதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நேபாளத்துச் சுர்பி பால்கட்டியும் அதே நகச் சோதனையில் தோற்கும். வயதான நாய்க்கும், பால்பல் விழாத குட்டிக்கும் கொடுக்காதீர்கள். இதில் ஒரு வசதி உண்டு. மிஞ்சும் துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து மைக்ரோவேவில் அரை நிமிடம் வைத்தால் பொரிபோல் உப்பிவிடும். உள்ளே கொதிக்கும், நன்றாக ஆறிய பிறகே கொடுக்க வேண்டும்.

பல் போன நாய்க்கு: மீன்தோலும் நுரையீரலும்

மெல்லும் நேரம் குறைவு, ஆபத்தும் குறைவு. மீன்தோலை உப்பில்லாமல் காயவைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டு நெத்திலிக் கருவாட்டை அதற்கு மாற்றாக எடுக்கக் கூடாது, அதில் ஏறியிருக்கும் உப்பு சிறிய நாய்க்கு விஷம்.

ஆட்டு நுரையீரலை வீட்டிலேயே செய்யலாம், கறிக்கடையில் மலிவு. ஆனால் பச்சையாக அறுத்து மொட்டை மாடியில் காயப்போடுவது கூடவே கூடாது. ஆட்டு நுரையீரலிலும் ஈரலிலும் நீர்க்கொப்புளம்போல் இருக்கும் ஹைடாடிட் கட்டிகள் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். அதைத் தின்ற நாயின் குடலில் புழு வளர்ந்து, முட்டை அதன் மலத்தில் வெளியேறி, நம் வயிற்றுக்கு வந்தால் நம் ஈரலிலும் அதே கட்டி. கொப்புளம் கண்ட துண்டைத் தெருநாய்க்கு வீசாமல் எரித்துவிடுங்கள், அல்லது ஆழப் புதையுங்கள்.

நல்ல துண்டை அரை உறைநிலையில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்குங்கள். நுரையீரல் மிதக்கும் என்பதால் மேலே ஒரு தட்டை அழுத்தி வைத்து வேகவையுங்கள், உள்சூடு 71 டிகிரியைத் தொட வேண்டும். கோழி என்றால் 74. பிறகு 60 டிகிரி அளவில் ஓவனிலோ டிஹைட்ரேட்டர் என்னும் உலர்த்தும் கருவியிலோ 6 முதல் 10 மணி நேரம். வளையாமல் ‘டக்’கென்று ஒடிந்தால் பதம். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். முதலில் காயவைத்துப் பிறகு சூடேற்றுவதை நம்ப வேண்டாம். உலர்ந்த இறைச்சியில் கிருமி சூட்டைத் தாங்கப் பழகிவிடும்.

மழைக்காலத்தில் எந்த வகையும் ஈரத்தை இழுக்கும். காற்றுப்புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். பாதி மென்ற குச்சியைத் துடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள், அதற்குமேல் குப்பைக்கு.

புது வகை எதுவானாலும் முதல் நாள் 15 நிமிடம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறை, போட்டி வந்தால் மெல்லாமல் விழுங்கும். மறுநாள் மலம் இளகினால் அளவைப் பாதியாக்குங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை ஒதுக்குதல், முக்கியும் மலம் வராமை, வழியும் எச்சில் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். விழுங்கியது தோலா எலும்பா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும், தோல் தெளிவாகத் தெரியாது என்பதால் ஸ்கேனும் தேவைப்படலாம்.