கூட்டத்துக்கு வராதவர்கள் யார்? மூன்று நாள் சமாதானப் பயிற்சி, என் மதிப்பீடு

ஆறு வருடமாக ஒரு சமரசக் குழுவில் இருக்கிறேன். இரண்டு காதிலும் கருவி மாட்டியவன். அதனால், விளிம்புநிலை மக்களையும் சேர்த்துக்கொண்டு சமாதானம் பேசுவது எப்படி என்று பயிற்சி நடக்கிறது என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். நடத்தியவர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை. குறைகள் கொஞ்சம் இருக்கின்றன.

முதல் நாள் காலை வீண். ஐ.நா. பாதுகாப்புச் சபைத் தீர்மானங்களைத் திரையில் ஓட்டினார்கள்: பெண்கள் பற்றி 1325 (2000), இளைஞர் பற்றி 2250 (2015), மாற்றுத்திறனாளிகள் பற்றி 2475 (2019). மூன்றாவதைப் பயிற்றுநர் திரையைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி வாசித்தார். உதட்டைப் பார்த்துதான் எனக்குப் பாதிப் பேச்சு புரியும். மாற்றுத்திறனாளிகளுக்கான தீர்மானம் என் காதில் விழவே இல்லை!

மதியம்தான் கொடுத்த நேரத்துக்குப் பலன் கிடைத்தது. அவரவர் தீர்த்துவைத்த ஒரு தகராறை வரைபடமாக வரையச் சொன்னார்கள். நான் ஒரு தண்ணீர்த் தகராறை வரைந்தேன். இரண்டு தரப்பு, பதினோரு பேர், அம்புக்குறிகள். பார்க்க அழகாகவே இருந்தது. அப்புறம் வெற்று மஞ்சள் தாள்களைக் கொடுத்து, "இந்தச் சண்டையால் நஷ்டப்பட்டு, பேச்சுக்கு வராதவர்களை ஒட்டுங்கள்" என்றார்கள். தண்ணீர் சுமப்பவர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள். ஒன்பது தாள் ஒட்டினேன். அடுத்த கேள்வி: "நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்தது யார்?" நான்தான். மாலை ஏழு மணி, மாடியில், ஏறுவதற்குப் படிக்கட்டு மட்டும். யாரையும் வரவேண்டாம் என்று நான் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.

இரண்டாம் நாள் கென்யாவில் உள்ள வஜீர் என்ற பகுதியின் கதை. 1990களின் தொடக்கத்தில் குலச் சண்டையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, டேக்கா இப்ராஹிம் அப்தி உள்ளிட்ட பெண்கள் சில பேர் சந்தையிலிருந்து ஆரம்பித்தார்கள். எந்தக் குலத்துப் பெண்ணும் பயமில்லாமல் வாங்க, விற்க முடியவேண்டும், அவ்வளவுதான். பெரியவர்களிடம் பேசப்போனது அதற்கப்புறம். அங்கும் சிறிய குலங்களின் பெரியவர்களை முன்னே வைத்தார்கள். பெரிய கைகளைப் பிடித்தால் வேலை முடிந்துவிடும் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது நல்ல குட்டு.

மூன்றாம் நாள் நடித்துக்காட்டும் பயிற்சி சொதப்பல். இடம்பெயர்ந்து வந்த பெண்ணின் வேடத்தை ஒரு வழக்கறிஞருக்குக் கொடுத்தார்கள். மனுஷன் கண்ணீர் வரப் பேசினார், கைதட்டல் கிடைத்தது. உண்மையிலேயே இடம்பெயர்ந்து வந்த அக்கா ஒருவர் எங்களில் இருந்தார். அவருக்குக் கிடைத்த வேலை, கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வது. இடைவேளையில் என்னிடம், "நான் பேசியிருந்தா இவ்வளவு நேரம் ஆகியிருக்காது தம்பி" என்றார்.

சேரலாமா என்றால், சேரலாம். அந்த வரைபடத்துக்காகவும் வஜீருக்காகவும். ஆனால் கடைசி நாளில் இப்படி நடந்தால், அந்த வேடத்தை ஏன் அந்த அக்கா மாதிரி ஒருவருக்குக் கொடுக்கவில்லை என்று வாயைத் திறந்து கேளுங்கள். நான் கேட்காமல் இருந்துவிட்டேன்.

முடிவில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். எழுத்தில் மட்டும்தான், அந்த அக்காவுக்கு எழுதவராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எனக்குச் சரியாகக் கேட்காததால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னார். 'உங்கள் ஆலோசனை' என்ற இடத்தில் இரண்டு வரிதான் விட்டிருந்தார்கள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம்.