யூ.வி. + நானோ வெள்ளி மிஷின்: மெட்ரோ வாட்டருக்குப் போதும், உப்பு போருக்கு ஆகாது

யூ.வி. (புற ஊதா) ஒளியால் குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் இந்த மிஷினை வாங்கும் முன் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைப் பாருங்கள். பேனா மாதிரி இருக்கும் சின்ன மீட்டர் போதும். 500-க்குக் கீழே காட்டினால், உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மிஷினை வாங்கி, பாதித் தண்ணீரைச் சாக்கடைக்கு விட வேண்டியதில்லை. மெட்ரோ வாட்டர் மட்டும் சம்ப்பில் இறங்கும் சென்னை வீடுகளுக்கு இந்த வகையைத் தயங்காமல் சொல்லலாம். போரும் லாரியும் கலக்கும் கோடையில் மறுபடி அளக்க வேண்டும். 1,000-ஐத் தாண்டும் போர் தண்ணீரின் உப்பை யூ.வி. தொடவே தொடாது. டெமோவுக்கு வருகிறவர் தம்ளரில் இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்து, தண்ணீரைச் செம்மண் நிறமாக்கிக் காட்டினால் நம்ப வேண்டாம். கம்பியிலுள்ள இரும்பு கரைந்து வரும் நிறம் அது.

விளம்பரத்தில் நானோ வெள்ளியைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். கிருமியை அடக்குவது 254 நானோமீட்டர் அலைநீள யூ.வி. ஒளி. குளோரினுக்கு மசியாத, வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணியும் அதற்கு அடங்கும். மிஷினுக்குள் வடிகட்டியாக இருக்கும் கார்பன் கட்டை குளோரினை உறிஞ்சிவிடுவதால், இரவு முழுக்கத் தண்ணீர் தேங்கும் அந்தக் கட்டையிலேயே பாக்டீரியா வளரும். அதைத் தடுக்கத்தான் வெள்ளி. கார்பனைச் சில நொடியில் கடக்கும் நீரைச் சுத்தமாக்க அதற்கு நேரம் போதாது. குளோரைடு மிகுந்த தண்ணீரில் வெள்ளி அயனி குளோரைடாகப் படிந்து இன்னும் மந்தமாகும். கிண்டி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழு 2013-இல் வெளியிட்ட, கரண்ட் இல்லாமல் வெள்ளி அயனியைச் சீராக வெளிவிடும் கலவை வேறு. அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மிஷின் மாட்டியதும் ஒரு லிட்டர் பாத்திரமும் கடிகாரமும் எடுங்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று எழுதியிருந்தால் ஒரு லிட்டர் நிறைய 30 நொடி ஆக வேண்டும். 20 நொடியிலேயே நிறைந்தால் தண்ணீருக்குக் கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு ஒளிதான். சர்வீஸின்போது, தண்ணீரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரைக் கழற்றிவிட்டு, அது இல்லாமலே ட்யூபை மாட்டிவிட்டுப் போவது சகஜம். தண்ணீர் வேகமாக வருகிறதே என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள், முழுக்க ஆபத்து. ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும், ஆள் கிளம்பும் முன்பே இதை அளந்துவிடுங்கள்.

விளக்கு நீலமாக எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. நீலம் அப்படியே இருக்க, கண்ணுக்குத் தெரியாத 254 குறைந்துகொண்டே போகும். ஆயுள் சுமார் 8,000 முதல் 9,000 மணி நேரம். எப்போதும் எரியும் மாடலில் அது ஒரு வருடம்தான். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தால் ஒளி தண்ணீரைச் சேராது. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை மூடி, குழாயை உருவி, எலுமிச்சைச் சாற்றில் 20 நிமிடம் ஊறவைத்து மெல்லிய துணியால் துடையுங்கள். ஸ்க்ரப்பர் படக் கூடாது, கீறல் விழும். திரும்ப மாட்டும்போது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டால் ஒழுகும். எரியும் விளக்கை நேராகப் பார்க்கவே கூடாது.

புது கார்பன் போட்டதும் முதல் 10 லிட்டரைக் கொட்டிவிடுங்கள், கரித்தூள் வரும்.

யூ.வி. தண்ணீரில் காவலுக்கு எதையும் விட்டுவைப்பதில்லை. பிடித்துவைத்த பானையில் சொம்பை விட்டு மொண்டால் கிருமி மறுபடி ஏறும். குழாய் வைத்த பாத்திரமே நல்லது. மழை வெள்ளத்தில் சம்ப்புக்குள் கலங்கல் இறங்கிவிட்டால் இந்த மிஷினை நம்பாதீர்கள். அந்தக் கலங்கலுக்குள் ஒளி போகாது. சம்ப்பைக் கழுவி, பிளீச்சிங் போடுங்கள். கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரத் தொடங்கும் நாள் வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.