கிளிப் கழற்றியாச்சு, கம்பிதான் கழலக் கூடாதாம்

கிளிப் கழற்றியபின் பல் மறுபடி கோணாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர், அந்தக் கீழ்ப்பல் கம்பி மறுபடியும் ஒரு பக்கம் விட்டுப்போய், போன வாரம் காசு கொடுத்து ஒட்டிக்கொண்டு வந்த எரிச்சலில் எழுதுகிறேன். இந்த வயசில் கிளிப் போடலாமா, நல்ல பல்லையே பிடுங்கச் சொல்கிறார்களே என்று நண்பன் கேட்டிருந்தான், அவனுக்கும் சேர்த்துத்தான்.

பிடுங்கியதில் எனக்குக் குறையே இல்லை. கீழ்த்தாடையில் 9 மில்லிமீட்டர் இடம் பற்றவில்லை, மேலே இரண்டு பக்கமும் தெத்துப்பல். பிடுங்காமல் பல் இடுக்கைத் தேய்த்து இடம் பண்ணலாம் என்றால், ஓர் இடுக்குக்கு அரை மில்லிமீட்டர் கிடைத்தாலே பெரிது. சின்னப் பிள்ளைகளுக்குப் போல மேலண்ணத்தை விரிக்கலாமே என்றால், வளர்ந்தவர்களுக்கு நடு இணைப்பு இறுகிக் கிடக்கும், எலும்பு விலகாமல் பல்தான் வெளியே சாயும். சிங்கப்பல்லுக்கு (கூர்ப்பல்) அடுத்துப் பின்னால் இருக்கும் பல் சுமார் 7 மில்லிமீட்டர் அகலம், மூலைக்கு ஒன்றாக நாலை எடுத்தால் தாடைக்கு 14. அந்த இடத்தைப் பின்பல் முன்னால் வந்து தின்றுவிடாமல் இருக்க எலும்பில் சின்ன ஸ்க்ரூ. டாக்டர் செஃபலோகிராமில் (தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே) கோடு போட்டுப் பொறுமையாக விளக்கினார், சொன்னபடியே பல்லும் வரிசைக்கு வந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்த பல் பிரிந்ததும் ஈறோரம் முக்கோணச் சந்து விழுந்திருக்கிறது, கீரை சாப்பிட்டால் தெரியும். அது போகட்டும்.

ஆனால் அத்தனை விளக்கத்திலும் ரிட்டெய்னருக்குக் கிடைத்தது ஒரே வரி, "அப்புறம் அதையும் போட்டுடலாம்." எத்தனை காலத்துக்கு என்ற பேச்சே இல்லை. திரும்பியிருந்த பல்லை ஈறின் நார்கள் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும், அதனால் கிட்டத்தட்ட ஆயுசுக்கும் வேண்டும் என்பது கிளிப் கழற்றிய அன்றைக்குத்தான் தெரிந்தது. சிங்கப்பல்லிலிருந்து சிங்கப்பல் வரை ஆறு பல்லின் உள்பக்கம் ஒட்டிய மெல்லிய முறுக்குக் கம்பி அது. ஒரு பொட்டுப் பசை விட்டாலும் கம்பி விழாது, மற்ற ஐந்தும் பிடித்துக்கொள்ளும், விட்ட பல் மட்டும் சத்தமில்லாமல் திரும்பும். கொய்யாக்காய் கடித்த மறுநாள் நாக்கு நுனியில் சொரசொரவென்று பட்டால் உடனே ஓட வேண்டும். தினமும் ராத்திரி கண்ணாடி முன் நின்று கம்பிக்கு அடியில் நூலைக் கோத்து இழுப்பது தனி வேலை.

திட்டம் அருமை, டாக்டர் கைராசிக்காரர், சிரித்தால் எனக்கே பிடிக்கிறது. ஆனாலும் போடலாமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அடுத்த மாதம் கேட்டுப் பார். அதற்குள் போய் உட்காருவதாக இருந்தால், கம்பி விட்டுப்போனால் ஒட்டுவது யார் செலவு என்று முதல் நாளே கேட்டுவிடு.