மெர்டேக்கா (மலேசிய சுதந்திர தின) அணிவகுப்புக்கு 'சீட் பாஸ்' என்று யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட் மக்களே, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களே, அடுத்த ஆகஸ்டு வருவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். வேன், காலைப் பசியாறல், கூடாரத்துக்குள் முன்வரிசை நாற்காலி, எல்லாம் சேர்த்துத் தலைக்கு 120 வெள்ளி (ரிங்கிட்) என்று நம் ஊர் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. நாங்கள் குடும்பத்தோடு போய் மாட்டினோம்.

புத்ராஜெயாவில் அணிவகுப்பைப் பார்க்கப் பொதுமக்களுக்கு டிக்கெட்டே கிடையாது. இலவசம். அழைக்கப்பட்ட விருந்தினருக்குத்தான் தனி இருக்கை, அதை வெளியாள் விற்கவே முடியாது.

அம்மாவுக்கு முட்டிவலி, நாற்காலி என்றதால்தான் காசு கட்டினேன். முதல் பிரதமர் துங்கு ஏழு தடவை மெர்டேக்கா என்று முழங்கிய 1957இல் அம்மா தோட்டத்து லயத்தில் ஓடித் திரிந்த பிள்ளை, சாகுமுன் ஒரு தடவை நேரில் பார்க்கணும் என்று ஆசை. ராத்திரி ஒரு மணிக்கு வர வேண்டிய வேன் மூன்றரைக்கு வந்தது, அதிலும் தாப்பா ஓய்விடத்தில் டிரைவர் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத்தான் எடுத்தார். போய்ச் சேர்ந்தபோது சாலைகளை மூடிவிட்டார்கள். "நேரா நடங்கக்கா, அங்கதான்" என்று எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். நடந்தோம், நடந்தோம், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தோம்.

தடுப்பில் நின்ற ரேலா தொண்டர் படைக்காரர் எங்கள் 'பாஸை' வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கொடி படம் போட்டு லேமினேட் செய்த அட்டை, ஓரத்தில் பிளாஸ்டிக் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார், இரண்டு பேருக்கும் சிரிப்பு. இதெல்லாம் இங்கே இல்லை, இடம் இருந்தால் நில்லுங்கள் என்றார், பாவம், அவர் மேல் குறை இல்லை. விடியுமுன்னே வந்தவர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பார்த்தது முதுகுகளையும் அலங்கார வண்டிகளின் உச்சியையும்தான். விமானங்களை மட்டும் யாரும் மறைக்கவில்லை. பசியாறல் என்று கொடுத்த நாசி லெமாக் புளித்துப்போயிருந்தது, அதைப் பற்றி வேறு எழுத வேண்டாம்.

திரும்பும் வேனும் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. மறுநாள் விளம்பரம் போட்டவரிடம் பணத்தைக் கேட்டதும் "ரோட்ட அடைச்சதுக்கு நான் என்ன செய்ய" என்றார், சாயங்காலம் பார்த்தால் என்னைக் குழுவிலிருந்தே நீக்கியிருந்தார்கள்.

போக ஆசைப்பட்டால் முதல் நாளே இங்கிருந்து ஈடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், அங்கிருந்து கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலைப் பிடித்தால் புத்ராஜெயா. ஏஜென்ட் வழியாகத்தான் போவேன் என்றால் சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள், எங்கள் ஆளிடம் அப்படி ஒன்று கிடையாது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. அட்டையையும் பணம் மாற்றிய ரசீதையும் வைத்து நான் போட்டாயிற்று. அதே வேனில் வந்தவர்கள் ரசீதைத் தூக்கிப் போடாமல் நீங்களும் போடுங்கள்.