பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார், நம்பிவிட்டேன்

பழைய லேண்ட்லைனை ஒப்படைத்துவிட்டு ஃபைபருக்கு மாறப்போகிறவர்கள், அதிலும் வயதானவர்களை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

விற்க வந்தவர் நன்றாகவே பேசினார். "அதே நம்பர், அதே ஃபோன், கூடவே நெட்டும் வந்துடும் சார்." நான் கேட்டது ஒன்றே ஒன்று. கரண்ட் போனால் ஃபோன் வேலை செய்யுமா? அம்மாவுக்குக் கண் சரியில்லை. செல்ஃபோனைக் கையில் கொடுத்தால் எங்கே அழுத்துவது என்று தடவிக்கொண்டிருப்பாள். லேண்ட்லைன் என்றால் இருட்டிலும் விரல் தானாக எண்களைத் தேடிப் போகும்.

அவர் பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்து வைத்தார். மினி யுபிஎஸ். மோடத்தை அதில் மாட்டிவிட்டு, யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். மோடத்தில் ஒரு விளக்குகூட அணையவில்லை. கார்ட்லெஸ் ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினார். டயல் டோன் வந்தது. என் செல்லுக்கு அடித்துப் பார்த்தேன், மணி அடித்தது. "பாத்தீங்களா சார்? பத்து மணி நேரம் நிக்கும்." போட்டேன் கையெழுத்து.

அந்த ஒரு செய்முறையில் மூன்று ஓட்டைகள் இருந்தன. மூன்றும் புரிய எனக்கு நாலு மாதம் ஆனது.

முதல் ஓட்டை அடுத்த வாரமே தெரிந்தது. ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கூப்பிடுகிறேன், மணியே போகவில்லை. ஏரியாவில் கரண்ட் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தால், இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கார்ட்லெஸ்ஸைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறாள் அம்மா. "உர்ருனு ஒரு சத்தம் வருமே, அதுவே வரலைடா." யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிகிறது. கார்ட்லெஸ்ஸின் அடித்தளப் பெட்டியோ தனியாகச் சுவர் பிளக்கில் செத்துக் கிடக்கிறது. செய்முறையின்போது அவர் பிடுங்கியது யுபிஎஸ் பிளக்கை மட்டும்தான். இதில் பாதித் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். பரணிலிருந்து ஒயர் வைத்த பழைய ஃபோனை இறக்கி, மோடத்தின் பின்னாலுள்ள ஃபோன் துளையில் மாட்டினேன். அதற்குத் தனிக் கரண்ட் வேண்டாம்.

பழைய லைன் எப்படி எந்தக் கரண்ட் கட்டிலும் உயிரோடு இருந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். செப்புக் கம்பியில் பேச்சு மட்டும் வரவில்லை, கரண்டும் சேர்ந்தே வந்தது. எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி வரிசை, அதற்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர். நம் வீட்டு ஃபோன் அவர்கள் பேட்டரியில் ஓடியது. ஃபைபர் என்கிற கண்ணாடி இழையில் வருவது வெறும் வெளிச்சம். வெளிச்சத்தை வைத்து ஃபோனை ஓட்ட முடியாது. ஆக, எக்ஸ்சேஞ்சின் பொறுப்பு ஓசைப்படாமல் நம் தலைக்கு மாறிவிட்டது. இதைச் சொல்லி யாரும் விற்பதில்லை.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. அடுத்த கரண்ட் கட்டில் நானும் வீட்டில் இருந்தேன். ஒயர் ஃபோனில் டயல் டோன் இருந்தது. நிம்மதியாக டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் போனதும் மோடத்தில் அதுவரை எரிந்த 'பான்' (PON, ஃபைபர் இணைப்பு இருக்கிறது என்று காட்டுவது) விளக்கு அணைந்து, பக்கத்தில் 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டத் தொடங்கியது. ரிசீவரை எடுத்தால் மயான அமைதி. யுபிஎஸ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

லாஸ் சிவப்பானால் வெளியிலிருந்து வெளிச்சம் வரவில்லை என்று பொருள். இழை அறுந்தாலும் அப்படித்தான் எரியும், ஆனால் கரண்ட் வந்த சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த தடவை கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன்: 22 நிமிடம். அதற்கடுத்தும் 22.

கஸ்டமர் கேரில் நடந்த உரையாடல் இது. "சார், உங்க வீட்ல இப்போ பவர் இருக்கா?" இல்லை. "பவர் வந்தப்புறம் செக் பண்ணிட்டுக் கூப்பிடுங்க சார்." கரண்ட் வந்ததும் 'உங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது' என்று குறுஞ்செய்தி. மூன்று புகார், மூன்று குறுஞ்செய்தி.

உண்மையைச் சொன்னவர் வேறொரு வேலையாக வந்த லைன்மேன். நம் இழையின் மறுமுனையில் ஓஎல்டி என்று ஒரு கருவி உண்டு, அதுதான் எல்லா வீடுகளுக்கும் வெளிச்சம் அனுப்புவது. நடுவில் இருக்கும் பிரிப்பான்களுக்குக் கரண்டே தேவையில்லை, ஒரே இழையை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துவிட்டுச் சும்மா இருக்கும். ஆனால் ஓஎல்டிக்குக் கரண்ட் வேண்டும். அது பெரிய எக்ஸ்சேஞ்சில் இருந்தால் பிழைத்தோம். எங்களுடையது இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அறையில் இருக்கிறதாம். "அங்க இருக்கிற பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு சார். மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கோம்." நாம் வீட்டில் எத்தனை யுபிஎஸ் அடுக்கி வைத்தாலும் அந்த அறை இருண்டால் கதை முடிந்தது.

பிளக்கைப் பிடுங்கிக் காட்டும் செய்முறை ஏன் ஏமாற்று என்பது இப்போது புரிந்திருக்கும். நம் பிளக்கைப் பிடுங்கும்போது அவர்கள் அறையில் கரண்ட் இருக்கிறதே!

மூன்றாவது, அந்தப் 'பத்து மணி நேரம்'. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட விட்டுப் பார்த்தேன். 1 மணி 40 நிமிடத்தில் நின்றது. பெட்டியில் 10,000 மில்லி ஆம்பியர் ஹவர் என்று போட்டிருக்கிறது. மோடம் சுமார் 1 ஆம்பியர் இழுக்கிறது, வகுத்தால் பத்து மணி நேரம் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. மோடம் கேட்பது 12 வோல்ட். 3.7ஐ 10ஆல் பெருக்கினால் 37 வாட் ஹவர். 12 வாட் இழுக்கும் மோடத்துக்கு அது மூன்று மணி நேரம்தான், வோல்ட்டை ஏற்றும்போது வீணாவதைக் கழித்தால் இன்னும் குறையும். அந்த மூன்று மணிகூட எங்கே போயிற்று என்று நண்பர் ஒருவர் பெட்டியைத் திறந்து செல்களை அளந்தார். மேலே 2,500 என்று அச்சடித்த நாலு செல்லும் ஆளுக்கு 1,400 சொச்சம்தான் தந்தன. வாங்கும்போது வாட் ஹவர் எவ்வளவு என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

சில நாடுகளில் இதற்கு விதி இருந்தது. பிரிட்டனில் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காம் 2018இல், வீட்டில் கரண்ட் போனால் அவசர எண்ணுக்குக் குறைந்தது 1 மணி நேரமாவது பேச வழி இருக்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் அதே வேலையைச் செய்யும் எஃப்சிசி 2015இல், 8 மணி நேரம் தாங்கும் பேக்கப்பைக் காசுக்காவது வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்றது. இரண்டும் வீட்டுப் பக்கத்தைப் பற்றித்தான் பேசின. அதனால் மறுமுனை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை நீங்கள்தான் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். வாய்வார்த்தை வேண்டாம். அதோடு, ஒரு நிஜக் கரண்ட் கட் வந்து போகும்வரை செப்பு லைனை ஒப்படைக்காதீர்கள். நான் ஒப்படைத்த மறுவாரமே கம்பியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பக் கேட்டதற்கு, இனிமேல் அது கிடையாது என்றார்கள்.

செல்லை நம்பியிருப்பவர்களுக்கும் ஒன்று. வீட்டுக்குள் சிக்னல் மோசமாக இருந்து வைஃபை காலிங்கில், அதாவது வீட்டு வைஃபை வழியாகப் பேசுகிறவர் என்றால், ஃபைபர் படுத்தால் உங்கள் செல்லும் கூடவே படுக்கும்.

இப்போதைக்கு நான் செய்திருப்பது இரண்டு. வீட்டு எண் கிடைக்காவிட்டால் அழைப்பு என் செல்லுக்குத் திரும்பும்படி போட்டிருக்கிறேன். அந்த வேலை கம்பெனியின் சர்வரில் நடப்பதால் வீடு இருண்டாலும் நடக்கிறது. அம்மாவுக்குப் பெரிய பொத்தான் வைத்த பழைய மாடல் செல், வேறு கம்பெனி சிம்மோடு. எண் 2ஐ அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும். "இது உர்ருனு சொல்லாதே, எடுத்தது எப்படித் தெரியும்?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நாலாவது புகாரும் 'தீர்வு காணப்பட்டது'. போன வாரம் கரண்ட் போனபோது மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். 19 நிமிடம்.